நிழற்படத்தில் தோய்ந்த வண்ணம்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெரிய ஏரியொன்றை உடைய ஊர் தாமல். அத்தகைய ஊர்களின் பழைய வீட்டுக் கூடங்களில் கறுப்பு வெள்ளைத் திருமணப் படங்களைக் காணலாம். அவற்றுட் சிலவற்றில் மணமகளின் கன்னத்தில் இளஞ்சிவப்பும், புடவைக் கரையில் பச்சையும், அட்டிகையில் பொன்னிறமும் மின்னும். ஒளிப்படக் கருவி தராத அந்நிறங்களைத் தந்தது ஓவியரின் கை.

1839ஆம் ஆண்டில் ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. உருவம் கிடைத்தது; நிறம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே சுவிட்சர்லாந்தின் ஐசன்ரிங் என்பார் பிசின் கலந்த வண்ணப்பொடியைப் படத்தின்மீது இட்டுக் குறையை நிரப்ப முயன்றார். இந்தியாவில் ஓவிய மரபு ஏற்கெனவே செழித்திருந்தமையால் இம்முறை எளிதில் வேரூன்றியது.

வண்ணந்தீட்டுவோர் மினுமினுப்பற்ற தாளில் அச்சிட்ட படத்தையே விரும்பினர். வழவழப்பான தாளில் நிறம் பற்றாது. குச்சியில் சுற்றிய பஞ்சினால் ஒளி ஊடுருவும் எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்து, மிகுதியைத் துடைத்தெடுப்பர். அடியிலுள்ள நிழல் மறையாதிருப்பதே இக்கலையின் நுட்பம். நகைகளுக்கு மட்டும் அடர்ந்த வண்ணத்தைத் தூரிகை நுனியால் வைப்பதுண்டு. எல்லாக் கன்னங்களையும் ஒரே சிவப்பாக்கிய கைகளும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை!

புடவையின் நிறத்தை ஓவியர் எவ்வாறு அறிந்தார்? கறுப்பு வெள்ளையில் அரக்கும் கரும்பச்சையும் ஏறத்தாழ ஒன்றே. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகக் கோர்வை முறையில் நெய்யப்பட்ட காஞ்சிப் பட்டும் அங்கே ஒரே சாம்பலாகத் தோன்றக்கூடும். மேலும், தொடக்ககாலப் படத்தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. அதனால் குங்குமப் பொட்டு கறுப்பாகவும், வான்நீலப் புடவை வெண்மையாகவும் பதிந்தன. வீட்டார் சொல்லவில்லையெனில் ஓவியர் ஊகிக்கவே வேண்டும்.

இன்று அதே தோற்றத்தைக் கணினியில் உருவாக்கலாம். கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்குப் போதும். வண்ணப்படமாயின் முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, சற்றே செம்பழுப்புச் சாயல் ஏற்றுதல் வேண்டும். அதன்மேல் முகம், உடை, அணி ஒவ்வொன்றிற்கும் தனித்தனி அடுக்குகளைச் சேர்த்து, அவற்றின் கலப்பு முறையை ‘நிறம்’ என அமைத்தால் அடியிலுள்ள ஒளியும் நிழலும் அழியா. பின்னர் அடுக்கின் அடர்த்தியை முப்பது, நாற்பது விழுக்காடு வரை குறைக்க வேண்டும். விளிம்புகளை மென்மையாக்கி, நிறம் கோட்டைச் சிறிது தாண்டினாலும் விட்டுவிடலாம். அச்சிறு பிசகே கைவண்ணத்தின் அழகு. கண்ணின் வெண்மையைத் தொடாதிருத்தல் நன்று.

ஒரு சொடுக்கில் தானே நிறமூட்டும் செயலிகளும் உள்ளன. அவை தாம் பயின்ற ஆயிரமாயிரம் படங்களில் பெரிதும் காணப்படும் நிறத்தையே தெரிவு செய்கின்றன. பாட்டியின் கூறைப்புடவை அரக்கா, மாம்பழ மஞ்சளா என்பதை அவை அறியா. அதனை அறிந்தவர் பெரும்பாலும் அவ்வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருப்பார். எத்தனை நாள் அமர்ந்திருப்பார் என்பதுதான் தெரியாது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன், தமிழகத்தின் பழைய நிலையப் படங்களை மின்படிகளாக்கிப் பாதுகாத்துள்ளது. வீட்டிலும் இது இயலும். மூலப்படத்தை மாற்றாமல் மின்படி எடுத்து, வண்ணப்படியைத் தனிக்கோப்பாகச் சேமித்து, நிறத்தைச் சொன்னவரின் பெயரையும் நாளையும் அதனுடன் குறித்துவைக்கலாம்.