ஸ்கேன் நார்மல், தலை மட்டும் இன்னும் சுற்றுகிறது

கணவர் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோடு அடிக்காத ஒரு வேகத்தடை. தூக்கிப் போட்டதில் கீழே விழுந்தேன். நினைவு தப்பவில்லை, ரத்தமும் இல்லை. எழுந்து நின்று, சிதறிக் கிடந்த தக்காளியைப் பொறுக்கியதுகூட நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, "நார்மல்தாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் குக்கர் விசில் அடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு பக்கம் படித்தால் குமட்டும். குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று அடுப்பின் முன்னால் நின்று யோசிப்பேன். அந்த மாதங்களில் வீட்டிலும் தெருவிலும், ஏன், சில மருத்துவர்களிடமும் கேட்ட பேச்சுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். இதே பேச்சை இன்றைக்கும் எங்கோ ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன?"

அதிகம் கேட்டது இதுதான். அதிகம் கெடுத்ததும் இதுதான்.

விபத்து நடந்தவுடன் எடுக்கும் சி.டி. ஸ்கேன் மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா, மண்டையோடு உடைந்திருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறது. உடனே அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதற்கு விரைவாகப் பதில் சொல்கிறது. அதனால் பல உயிர்கள் பிழைக்கின்றன. "நார்மல்" என்றால் அந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்ற பதில் கிடைத்திருக்கிறது. மூளைக்கு அடியே படவில்லை என்று அதற்குப் பொருள் கிடையாது.

மூளை கெட்டித் தயிரைப் போல மென்மையானது. தலை சட்டென்று ஆட்டம் காணும்போதும் திரும்பும்போதும் உள்ளே நீளமான நரம்பிழைகள் இழுபடுகின்றன, முறுக்கப்படுகின்றன. உயிரணுக்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே வருகிறது. இதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவை. அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் கீஸா, ஹோவ்டா இருவரும் 2001-இல் இதை விளக்கி எழுதினார்கள். இந்த ஆற்றல் பற்றாக்குறையை சி.டி. ஸ்கேன் படம் பிடிக்க முடியாது. 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சி.டி. நார்மல் என்று வந்த 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 27 பேருக்குக் காயத்தின் தடயம் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம். அதிலும் எதுவும் தெரியாமல் தொல்லையோடு இருப்பவர்கள்தான் அதிகம். தலை ஆடி மூளை இப்படிக் குலுங்குவதைத்தான் மூளை அதிர்வு என்கிறார்கள். அதை உறுதிசெய்வது என்ன நடந்தது, அதன்பின் என்னென்ன மாறியது என்று பொறுமையாகக் கேட்கும் மருத்துவர்தான். மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்வு என்பதும் தவறு. அதிர்வு ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை.

பலருக்கு சில வாரங்களில் சரியாகிவிடுகிறது என்பது உண்மை. சரியாகாதவர்களும் குறைவில்லை. அமெரிக்காவின் பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களுக்கு "லேசான" தலைக்காயத்தோடு வந்தவர்களை ஓராண்டு கழித்து விசாரித்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 53 சதவீதம் பேர் அன்றாட வாழ்வில் ஏதோ ஒன்று முன்போல் இல்லை என்றார்கள். தலையில் அடிபடாமல் கைகால் முறிவு போன்ற காயங்களோடு வந்தவர்களிடம் அது 38 சதவீதம். "லேசான" என்ற சொல் முதல் நாளின் அபாயத்தை அளக்கும் சொல். பின்வரும் மாதங்களை அது அளப்பதில்லை.

"இருட்டு ரூம்ல படுத்துக்கோ, தானா சரியாயிடும்"

அம்மா அன்பினால் செய்தார். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, போனைப் பிடுங்கி வைத்து, ஆறு வாரம் என்னைப் படுக்கவைத்தார். ஆறாம் வாரம் கதவிடுக்கில் வரும் வெளிச்சமே கண்ணைக் குத்தியது.

முன்பு மருத்துவர்களே இதைத்தான் சொன்னார்கள், அதனால் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மில்வாக்கியில் 11 முதல் 22 வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஐந்து நாள் முழு ஓய்வெடுத்தவர்கள் ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகத் தொல்லைகளைச் சொன்னார்கள். பஃபலோ நகரில் ஜான் லெடி குழுவினர் வேறொரு வழி கண்டார்கள். டிரெட்மில்லில் நடக்கவைத்து, எந்த நாடித்துடிப்பில் தலைவலி கூடுகிறது என்று பார்ப்பார்கள். அதில் 80 சதவீத அளவு துடிப்பில் தினமும் உடற்பயிற்சி. 2019-இல் 103 பதின்வயதினரிடம் இதைச் செய்து பார்த்தபோது, உடற்பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 13 நாளில் தேறினார்கள். வெறும் தசை நீட்டல் மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது.

இப்போதைய வழிகாட்டுதல் இதுதான்: முதல் ஓரிரு நாள் ஓய்வு, அந்த நாள்களில் போனையும் டி.வி.யையும் முடிந்தவரை குறைப்பது, பிறகு மெல்ல நடை. பத்துக்கு இத்தனை என்று தலைபாரத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். நடந்ததால் இரண்டு மதிப்பெண்ணுக்குள் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், அந்த அளவு தாங்கும். அதற்கு மேல் போனால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் தொல்லை நீடிப்பவர்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுத் தொடங்குவது நல்லது.

"தலைசுத்தலா? பித்தம்தான்"

எலுமிச்சம்பழச் சாறு, இஞ்சிச் சாறு, சீரகத் தண்ணீர் எல்லாம் குடித்தேன். தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அடிபட்ட பிறகு வரும் தலைசுற்றலுக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது.

படுக்கையில் புரளும்போதோ, மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதோ, அரை நிமிடம் அறையே சுழன்று நின்றுவிடுகிறதா? உள்காதில் இருக்கும் கால்சியத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அந்தத் துகள்களை இருந்த இடத்துக்கே அனுப்பும் எப்லி முறையைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சில நிமிடங்களில் செய்துவிடுவார். பலருக்கு ஓரிரண்டு முறையிலேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காக மனம் கொதித்திருக்கிறது.

கூட்டமான கடையில், ஓடும் பஸ்ஸில் தள்ளாட்டமா? கண்ணும் உள்காதும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், அதற்கென்று பயிற்சிகள் உண்டு. எழுத்துகள் இரண்டாகத் தெரிகின்றனவா? கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது; இரு கண்களும் ஒன்றாகக் குவிகின்றனவா என்று கண் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பினால் பிடரியிலிருந்து வலி கிளம்புகிறதா? விழுந்தபோது கழுத்தும் அடி வாங்கியிருக்கிறது. கனடாவின் கால்கரியில் 31 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்துப் பிசியோதெரபி பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்ப அனுமதி பெற்றார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதம். எனக்குத் திருப்பம் வந்ததும் கழுத்தில்தான். அதை முதலில் தொட்டுப் பார்த்தது ஏழாம் மாதம் நான் போன ஒரு பிசியோதெரபிஸ்ட்.

"நரம்புக்குச் சத்து மாத்திரை போட்டா போதும்"

என் மருந்துச் சீட்டில் சிட்டிகோலின் இருந்தது. நம் ஊரில் தலையில் அடிபட்ட பலரின் சீட்டிலும் இருக்கும். அமெரிக்காவில் 1213 தலைக்காய நோயாளிகளுக்கு 90 நாள் இந்த மருந்தையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு தரப்புக்கும் தேறியதில் வித்தியாசம் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மாத்திரைக்குப் போகும் பணத்தைக் கழுத்துப் பயிற்சிக்குச் செலவிடலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

வலி மாத்திரைதான் அதைவிட அபாயம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்றவற்றை மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைப்பதால் நாம் எண்ணுவதே இல்லை. காலண்டரில் புள்ளி வையுங்கள். தலைசுற்றலை அமுக்கும் மாத்திரைகளை வாரக்கணக்கில் தொடர்ந்தாலும் மூளை தன்னைச் சரிசெய்துகொள்வது தாமதப்படும்.

"எல்லாம் மனசுதான், வேலைக்குப் பயந்து நடிக்கிறா"

இந்தச் சொல் கேட்ட அன்று இரவு தூங்கவில்லை. காயத்துக்குப் பிறகு எரிச்சலும் சோர்வும் பயமும் வருவது உண்மை. வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்தது எனக்கும்தான். அடிபட்ட அதே மூளைதான் மனநிலையையும் தூக்கத்தையும் பார்த்துக்கொள்கிறது. லேசான தலைக்காயத்துக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வோ விபத்தின் மீள்நினைவுத் தொல்லையோ வருகிறது. அதற்கு ஆலோசனையும் தேவைப்பட்டால் மருந்தும் பெறுவது சிகிச்சையின் ஒரு பகுதி. மனநல மருத்துவரிடம் போவதால் தலையில் பட்ட அடி பொய்யாகிவிடாது.

இன்னும் இரண்டு பேச்சுகள் உண்டு. ஹெல்மெட் போட்டிருந்தால் அதிர்வே வராது என்பார்கள். ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்கிறது, கட்டாயம் போடுங்கள், பின்னால் உட்காருபவரும்தான். மூளை உள்ளே குலுங்குவதை அது முழுக்கத் தடுக்காது. அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்பதும் தவறு. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்னபின் தூங்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறல், கை கால் பலமிழப்பு, எழுப்பினால் எழாமை: இவற்றில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. அது காப்பாற்றிய உயிர்களுக்காக மனமார நன்றி சொல்கிறேன். 49-ஆவது மணி நேரத்திலிருந்து என்னைப் போன்றவர்கள் நரம்பியல், காது, கண், பிசியோதெரபி என்று தனித்தனி வரிசைகளில் நிற்கிறோம். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பார்க்கும் மறுவாழ்வுப் பிரிவு மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். அதுவரை ஒரு மருத்துவரை மையமாக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சொன்னதையெல்லாம் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். விபத்துப் பதிவேட்டின் ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி. சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இழப்பீட்டு வழக்கில் "ஸ்கேன் நார்மல்" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது அவைதான் பேசும்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். என் நோட்டின் முதல் வரி: "நடை 4 நிமிடம். தலைபாரம் 7." போன வாரம் எழுதியது: "நடை 35 நிமிடம். குக்கர் மூணு விசில், பக்கத்திலேயே நின்றேன். தலைபாரம் 1. ராத்திரி எதிரே வண்டி லைட் அடித்தால் இன்னும் கண் கூசுது, அடுத்த முறை டாக்டரிடம் கேட்கணும்."