தோலுக்கு அடியில் ஒரு காந்தம்



நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் கும்மியடித்த சிறுமிகளில் ஒருத்தியின் காதுக்குப் பின்னால், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். ஆட்டம் முடிந்து அவள் இரும்பு நாற்காலியில் சாய்ந்தபோது, அந்த வட்டு தலையை விட்டு நாற்காலியின் முதுகில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்துக்கொண்டே அதை எடுத்துத் தலையருகே கொண்டுபோனாள். தானாகவே போய் ஒட்டிக்கொண்டது.

அருகில் இருந்தவன் என் பேரன். புனேயில் என்ஜினீயரிங் படிக்கிறான். "தாத்தா, அவ தலைக்குள்ள காந்தம் இருக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது. அதற்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்று பெயர். காது கேளாத குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, தோலுக்கு அடியில் ஒரு ரிசீவரைப் பொருத்துகிறார்கள். அதன் மெல்லிய மின்முனைகள் உள்காதின் நத்தைச் சுருளுக்குள் சென்று செவி நரம்பைத் தூண்டுகின்றன. வெளியே மைக், பேட்டரி, வட்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒயர் கிடையாது. ரேடியோ அலை தோலைக் கடந்து செல்கிறது. வெளிச்சுருளும் உள்சுருளும் நேருக்கு நேர் நிற்பதற்குத்தான் இரண்டு பக்கமும் காந்தம்.

அன்றிரவு பேரன் இன்னொரு விஷயத்தையும் மெல்ல அவிழ்த்தான். விரல் நுனியில் தோலைக் கீறி, டைட்டானியம் உறை போட்ட சிறு காந்தம் ஒன்றை வைத்துக்கொள்ள அவனுக்கு ஆசையாம். நோய்க்காக அல்ல, மின்சாரத்தை 'உணர' வேண்டுமாம்! அஜ்னி எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் காலம் கழித்த எனக்குக் கோபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. அவனிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

அவன் சொல்வதில் பொய் இல்லை. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஓடும் மோட்டாரின் அருகே நிரந்தரக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால், அது விநாடிக்கு 50 முறை அதிரும். விரல் நுனியின் நரம்புகள் அந்த அதிர்வை நன்றாக அறியும். அமெரிக்காவில் சிலர் 2000களின் நடுவிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். அவர்கள் காந்தத்தின் மேல் பூசியது சிலிகான். சிலருக்கு அந்தப் பூச்சு கிழிந்தது, உடலுக்குள்ளேயே காந்தம் துருப்பிடித்தது, விரல் வீங்கியது, காந்தத்தை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் துரு? இந்தச் சக்தி வாய்ந்த காந்தங்கள் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்தவை. 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவானவை. ஈரம் பட்டால் சீக்கிரம் உதிரும். நம் உடலோ 37 டிகிரி சூட்டில் உள்ள உப்பு நீர்!

ஆகவே டைட்டானியம். அதன் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. உடலும் அதை ஏற்றுக்கொள்கிறது. ஸ்வீடன் நாட்டு பிரோனமார்க் 1965ல் ஒரு நோயாளியின் தாடை எலும்பில் டைட்டானியம் வேர்களைப் பொருத்தி இதை நிரூபித்தார். காந்தம் இந்த உலோகத்தை இழுக்காது; காந்தப் புலத்தையும் இது தடுக்காது. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட் இந்த உலோகத்தின் தாதுதான்.

சிக்கல் மூடியில் இருக்கிறது. டைட்டானியம் 1,668 டிகிரியில் உருகும். சாதாரண நியோடிமியம் காந்தமோ 80 டிகிரியைத் தாண்டினால் வலிமை இழக்கத் தொடங்கும். உள்ளே இருப்பது சூடாகாமல் மூடியை மட்டும் வெல்டிங் செய்ய வேண்டும். அதனால் ஆர்கான் வாயுவில், லேசரால், புள்ளி புள்ளியாக ஒட்டுகிறார்கள். பிறகு ஹீலியம் வைத்துக் கசிவுச் சோதனை. பேரிங் கெட்டதென்று கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் முதலில் கெட்டது அதன் சீல்தான் என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான்.

பேரனிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். ஒன்று: உறையின் கசிவைச் சோதித்தது யார்? இரண்டு: கெட்டுப்போனால் எந்த டாக்டர் எடுப்பார்? மூன்று: நாளை உனக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் என்ன செய்வாய்?

மூன்றாவதுதான் முக்கியம். 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப் புலம் பூமியின் புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. உடலுக்குள் இருக்கும் காந்தத்தை அது முறுக்கும், இழுக்கும், இடம் பெயர்க்கும். காந்தத்தின் வலிமையையும் குறைத்துவிடலாம். புதிய காக்ளியர் கருவிகள் சிலவற்றில் காந்தம் உறைக்குள்ளேயே சுழன்று திசைக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். மற்றவற்றில் தலையை இறுகக் கட்ட வேண்டும், அல்லது முன்கூட்டியே சிறு அறுவை செய்து காந்தத்தை எடுக்க வேண்டும். எந்த மாடலுக்கு எது என்பதைத் தயாரிப்பாளர் எழுதித் தருவார்.

இது வெறும் ஏட்டுப் பாடம் அல்ல. அதே சிறுமி ஒருநாள் ஊஞ்சலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாள். தந்தை டியூட்டியில் இருந்தார். தாயார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இந்தி தெரியாது. மருத்துவமனையில் வெளி வட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். முடி மறைத்ததால் தழும்பு தெரியவில்லை. "உடம்பில் உலோகம் உண்டா?" என்று இந்தியில் கேட்டார்கள். புரியாமல் இல்லையென்று தலையாட்டிவிட்டார். எம்.ஆர்.ஐ. அறைக் கதவில் காந்தப் படம் இருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. குழந்தையைப் பிடித்து இழுத்து, கையிலிருந்த வட்டைத் தலையருகே கொண்டுபோனார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எம்.ஆர்.ஐ.யை விட்டு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், குழந்தை நலம்.

எல்லா நாளும் இப்படி அதிர்ஷ்டம் துணைக்கு வராது. வெளியூரில் வாழும் நாம், உடலில் காந்தமோ பேஸ்மேக்கரோ வேறு கருவியோ உள்ளவர்களுக்கு ஒரு அட்டை எழுதி வைப்போம். கருவியின் பெயர், மாடல் எண், பொருத்திய தேதி, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். ஒன்று பர்ஸில், ஒன்று பள்ளிப் பையில். எழுத உதவி வேண்டுவோர் ஞாயிறு காலை சங்க நூலகத்துக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன்.

பேரனா? ஒரு பொட்டுக் காந்தத்தை விரல் நுனியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, ஓடும் மிக்ஸியருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தான். "கிர்ருங்குது தாத்தா!" என்று குதித்தான். உறைக் காந்தம் விற்பவர்களிடம் கசிவுச் சோதனைச் சான்றிதழ் கேட்டு எழுதியிருக்கிறானாம். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை விரல் பத்திரமாக இருக்கிறது.