பூதக்கண்ணாடியும் மொட்டைமாடி பேனலும்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. பூதக்கண்ணாடியில் காகிதம் பொசுங்கிய கதையைப் படித்ததும் உன் அத்தை கேட்டது, “பக்கத்துல வாளியில தண்ணி வெச்சிருந்தாளா?” என்றுதான். நீ கேட்டது வேறு: காகிதத்தையே எரிக்கிற லென்ஸை மொட்டைமாடி சோலார் பேனல்மீது பிடித்தால் கரண்ட் பத்து மடங்கு வராதா, மாமா?

காலேஜில் படிக்கும்போது எனக்கும் இதே ஆசை வந்தது. பேட்டரி இல்லாத சோலார் கால்குலேட்டரின் கறுப்புப் பட்டைமேல் லென்ஸைப் பிடித்தேன். எண்கள் பளிச்சென்று வரும் என்று பார்த்தால், மங்கி மறைந்தே போயின. காரணம் புரிவதற்குள் பிளாஸ்டிக் உருகும் வாடை அடித்தது. கால்குலேட்டர் உன் பெரிய மாமாவுடையது என்பது தனிக் கதை.

நடந்தது இதுதான். லென்ஸை வெயிலில் பிடிக்கும்போது எல்லோரும் நடுப்புள்ளியைத்தான் பார்ப்போம். அதைச் சுற்றிக் கண்ணாடியின் அளவுக்கு ஒரு வட்ட நிழல் விழுந்திருக்கும். அந்த வட்டத்தில் பரவ வேண்டிய வெயில்தான் புள்ளியில் வந்து சேர்ந்திருக்கிறது. லென்ஸ் வெயிலை உண்டாக்குவதில்லை, வாரிக் குவிக்கிறது, அவ்வளவுதான். கால்குலேட்டர் பட்டையில் நாலு சின்னச் செல்கள் தொடராக இணைந்திருந்தன. ஒன்று வெயிலில் வெந்தது, மற்றவை நிழலில் நின்றன. தொடர் இணைப்பில் எந்தச் செல்லுக்கு வெளிச்சம் குறைவோ, அதன் அளவுக்குத்தான் கரண்ட் ஓடும். மொட்டைமாடி பேனலிலும் செல்கள் அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் லென்ஸால் பயனே இல்லையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிந்த உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் விழும். 20 செ.மீ. நீளமும் அதே அகலமும் உள்ள லென்ஸில் 40 வாட். அதை ஒரு சதுர சென்டிமீட்டர் செல்லில் இறக்கினால் அந்தச் செல்லுக்கு 400 மடங்கு வெயில். மொத்தம் அதே 40 வாட்தான். ஆனால் 400 சதுர சென்டிமீட்டர் செல் வேண்டிய இடத்தில் விரல்நகம் அளவு போதும். அவ்வளவு சின்னது என்றால் விலை பார்க்காமல் உயர்ந்த ரகமாகவே வாங்கலாம். செயற்கைக்கோள்களில் வைக்கும் அடுக்குச் செல் அந்த ரகம். ஒவ்வோர் அடுக்கும் தனக்குரிய நிறத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடும். 2022இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 665 மடங்கு குவித்த ஒளியில் அப்படியொரு செல்லை 47.6 சதவீதத் திறனுக்குக் கொண்டுபோனது. நம் வீட்டு சிலிக்கான் பேனல் 20 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே பெரிது.

சரி, ஒரு மின்நிலையத்துக்காக அவ்வளவு பெரிய கண்ணாடி லென்ஸ்களை ஆயிரக்கணக்கில் தூக்கி நிறுத்த முடியுமா? இங்கே கைகொடுத்தவர் ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர். ஒளியை வளைப்பது லென்ஸின் மேற்பரப்புச் சரிவுதான், உள்ளே இருக்கும் தடிமன் வெறும் சுமை. அந்தச் சுமையைக் குறைத்து, சரிவை மட்டும் வளையம் வளையமாக நிறுத்தினார். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஏறியது. அங்கே நடுவிலிருந்த விளக்கொளியை நேர்க்கற்றையாக்கிக் கடலுக்கு அனுப்பியது. சோலார்காரர்கள் அதையே திருப்பிப் போட்டார்கள்: வானத்திலிருந்து நேராக வரும் வெயில் நடுவிலிருக்கும் செல்லுக்கு இறங்கும். தாத்தா பேப்பர் படிக்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் தகடும் இந்த லென்ஸ்தான். நகத்தால் வருடிப் பார், வளையங்கள் கரகரக்கும்.

இனிதான் சிக்கல். வானத்தில் சூரியன் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 டிகிரி நகர்கிறது, நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. லென்ஸுக்கும் செல்லுக்கும் 30 செ.மீ. இடைவெளி என்றால், அந்த நாலு நிமிடத்திலேயே புள்ளி அரை சென்டிமீட்டர் தள்ளிப்போய், நம் ஒரு சென்டிமீட்டர் செல்லின் விளிம்பில் நிற்கும். அதனால் காலையிலிருந்து மாலைவரை சூரியனையே பார்த்துத் திரும்பும் மோட்டார் தாங்கி வேண்டும். அதோடு, மேகமும் புழுதியும் சிதறடித்த வெளிச்சத்தை எந்த லென்ஸாலும் குவிக்க முடியாது. உன் நிழல் தரையில் கூர்மையாக விழாத நாளில் லென்ஸ் நிலையம் கிட்டத்தட்டத் தூங்கும். சாதாரண பேனலோ அன்றும் கொஞ்சம் கரண்ட் கொடுக்கும்.

ஆகவே இந்த நிலையங்கள் வெயில் தெளிவாக அடிக்கும் வறண்ட இடங்களைத் தேடிப் போயின. தென்னாப்பிரிக்காவின் டௌஸ்ரிவியரில் பிரான்சின் சொய்டெக் நிறுவனத்தின் கருவிகளோடு 44 மெகாவாட் நிலையம் 2014இல் எழுந்தது. அடுத்த ஆண்டே சொய்டெக் சூரியமின் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. லென்ஸ் தோற்கவில்லை, கயல். சிலிக்கான் விலை சரிந்துவிட்டது. விலை உயர்ந்த செல்லைக் குறைவாக வாங்குவதற்காகத்தானே லென்ஸும் மோட்டாரும்? செல்லே மலிந்த பிறகு, லென்ஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னொரு பேனலை வாங்கிப் போட்டுவிடலாம்.

உன் கேள்விக்கு என் பதிலும் அதுதான். புள்ளி நகர்வதை மட்டும் நான் சொன்னேன் என்று நம்பாதே, நீயே பார். வெயிலில் வேண்டாம், அடுத்த பௌர்ணமிக்குக் காத்திரு. நமக்குத் தெரியும் அகலத்தில் நிலாவும் சூரியனும் ஏறக்குறைய ஒன்று. லென்ஸை நாற்காலியில் ஆடாமல் கட்டி, பின்னால் வெள்ளைத் தாளை நகர்த்தினால் குட்டி நிலா விழும். லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை 110ஆல் வகுத்தால் வருவதுதான் அதன் அகலம். அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போடு. கைக்கடிகாரத்தில் நாலு நிமிடம் பார்த்துவிட்டு, கோட்டைத் தாண்டி எத்தனை நிலா தூரம் போயிருக்கிறது என்று எழுது. அந்தத் தாங்கிக்கு மோட்டார் எதற்கு என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

அன்புடன்,
மாமா

பி.கு.: பூதக்கண்ணாடி வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதே. வேலை முடிந்ததும் துணியில் சுற்றி அலமாரியில் வை. ஜன்னலோரம் கிடந்தால் திரைச்சீலையில் தீப் பிடித்துக்கொள்ளும். அத்தை வாளியை மறக்க வேண்டாம் என்கிறாள்.