இல்ல ஊடக நிலையமும் அதற்கேற்ற கருவியும்

போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே உள்ளது ஐயப்பன்தாங்கல். அப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'தாங்கல்' என்னுஞ் சொல், மழைநீரைத் தேக்கி வேண்டியபோது வயலுக்கு உதவும் சிற்றேரியைக் குறிப்பது. ஒரு குடும்பத்தின் திருமணக் காட்சிகளையும் முதியோர் குரற்பதிவுகளையும் பாடல்களையும் ஓரிடத்தே தேக்கி, வேண்டியபோது தொலைக்காட்சியில் அளிக்கும் இல்ல ஊடக நிலையமும் அத்தகையதே. அதனைக் குறைந்த செலவில் அமைக்குமாறு யாதென ஈண்டு ஆராய்வாம்.

இதற்குரிய மென்பொருள்களுட் சிறந்தது 'கோடி'. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்கென ஆர்வலர் சிலர் தொடங்கிய இம்முயற்சி, 2014இல் இப்பெயர் பெற்றது. அதன் மூலநிரல் யாவர்க்குந் திறந்துள்ளது; விலையும் இல்லை. ஆகவே செலவெல்லாம் கருவியின்பாற்பட்டதே.

கருவி வாங்கப் புகுவார் பலரும் முதற்கண் விலையை வினவுவர். முதலில் வினவத்தக்கது, நம்மிடமுள்ள படங்கள் எம்முறையிற் சுருக்கப்பட்டுள்ளன என்பதே. சுருக்கிய படத்தைக் காட்டுங்கால் விரித்தல் வேண்டும். அதற்கென்றே ஓர் உறுப்புக் கருவியில் அமைந்திருப்பின் சிறு கருவியும் எளிதிற் காட்டும், இல்லையேல் அச்சுமை முழுதும் மையச் செயலியின்மேல் விழ, கருவி சூடேறும், படமுந் தடைப்படும். 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையைப் பழைய கணினிகளும் பெரும்பாலும் விரிக்கும். 2013இல் வந்த எச்.265 முறைக்கோ, இன்டெல் செயலிகளுள் 2015ஆம் ஆண்டையொட்டி வெளிவந்தவை முதலாகவே தக்க உறுப்பு அமைந்தது.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல, இன்று இல்லங்களில் வாளாகிடக்கின்றன. எச்.264 படங்களுக்கும் பாடல்களுக்கும் அவையே சாலும். தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. வாய் உண்டா என்று நோக்குக. மின்கலம் உப்பியிருப்பின் அதனை நீக்கிவிடுக.

எச்.265 படங்களே மிகுதியாயின் ராஸ்பெரி பை என்னுஞ் சிறு பலகையை நாடலாம். 2012இல் முதன்முதல் விற்பனைக்கு வந்த இதன் நான்காம் வகை, 2019இல் வெளிவந்தது. அஃது இருமுறைகளையும் விரிக்கும் உறுப்புகளை உடையது. 2023இல் வந்த ஐந்தாம் வகையில் எச்.264க்குரிய உறுப்பு இல்லை. வேகமிக்க செயலியே அவ்வேலையை ஏற்கிறது. புதியதெல்லாம் இப்பணிக்கு இன்றியமையாததன்று என்பது இதனாற் பெறப்படும். ரிச்சி தெருவில் விலை கேட்போர், பலகையின் விலையோடு மின்னூட்டி, நினைவட்டை, உறை ஆகியவற்றின் விலையையுங் கூட்டிப் பார்க்க.

மின்செலவும் எண்ணத்தக்கது. 80 வாட் கொள்ளும் பழைய மேசைக்கணினி நாள்தோறும் 5 மணி நேரம் இயங்கின், இரு திங்களில் 24 யூனிட் ஆகும். 5 வாட் கொள்ளும் சிறு பலகைக்கு ஒன்றரை யூனிட்டே. இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏறத்தாழக் கால்பங்கை முன்னது விழுங்கிவிடும்.

இங்ஙனம் மிச்சப்படுத்திய பொருளைக் கொண்டு இரண்டாவது வன்தட்டு ஒன்று வாங்கி, எல்லாவற்றிற்கும் படியெடுத்து வேறிடத்தே வைத்தல் வேண்டும். கரை உடைந்தால் தாங்கலில் நீர் நில்லாது. கருவி பழுதாயின் வேறொன்று வாங்கலாம். மறைந்த பாட்டியின் குரலை எக்கடையிலும் வாங்கவியலாது.