டிரைவர் மட்டை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில் நின்று தெற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர். அதன் மேலே, நம் மாவட்டத்திலேயே, 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் இருக்கிறது. கோல்ஃப் பழகுகிறவர்கள் கேள்விப்பட்டதை நம்பி நல்ல டிரைவர் மட்டையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகவே இந்தத் திருத்தங்கள்.

நம்பிக்கை: மட்டையின் தலை பெரிதானால் பந்து அதிக தூரம் போகும்.

உண்மை: டிரைவர் தலையின் உள்ளே வெற்றிடம்தான், எடை சுமார் 200 கிராம். ஒரு காலத்தில் மரக்கட்டையில் செதுக்கினார்கள். 1991-இல் வந்த கேலவே கம்பெனியின் 'பிக் பெர்த்தா' எஃகுத் தலையின் கொள்ளளவு 190 கன செ.மீ. பிறகு வலுவும் லேசும் சேர்ந்த டைட்டானியம் வந்தது. இன்று விதி அனுமதிக்கும் உச்சவரம்பு 460. தலை பெரிதானால் எடையை ஓரங்களுக்குத் தள்ளி வைக்கலாம். அப்போது பந்து நடுவில் படாமல் விலகிப் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. பெரிய தலையின் முதன்மையான பயன் இந்தப் பிழை பொறுக்கும் குணமே. முகத்தகட்டின் துள்ளலுக்கும் விதியில் எல்லை உண்டு.

நம்பிக்கை: ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) மாற்றுவது மம்பட்டிக்குக் கணை மாட்டுவது போலத்தான்.

உண்மை: கணையை ஆப்பு வைத்து இறுக்கலாம். ஷாஃப்ட்டைத் தலையோடு பிடித்திருப்பதோ எபாக்சிப் பசை. சூடு காட்டினால் பசை இளகும். ஆனால் கிராஃபைட் ஷாஃப்ட் என்பதும் கார்பன் இழைகளைப் பிசினால் கட்டியதுதான். சூடு மிஞ்சினாலோ முறுக்கி இழுத்தாலோ இழை பிளந்துவிடும். அதற்கென்றே உள்ள இழுவைக் கருவியில் பூட்டி, அளவாகச் சூடாக்கி, நேராக இழுக்க வேண்டும். தலையின் மேற்பகுதி கார்பனாக இருந்தால் இன்னும் கவனம் தேவை.

நம்பிக்கை: திருகு வைத்த புது டிரைவரில் எந்த ஷாஃப்ட்டும் பொருந்தும்.

உண்மை: ஷாஃப்ட்டின் நுனியில் ஒட்டியிருக்கும் ஸ்லீவ் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியின் பழைய மாடல் ஸ்லீவ்கூடப் புதியதில் சேராமல் போகலாம். நுனி விட்டமும் ஒன்றல்ல. பரவலாக உள்ளது 0.335 அங்குலம், 0.350-ம் உண்டு. வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

நம்பிக்கை: 'ஸ்டிஃப்' என்றால் எல்லாக் கம்பெனியிலும் ஒரே விறைப்பு, நீளம் கூடினால் தூரமும் கூடும்.

உண்மை: விறைப்புக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 'ஸ்டிஃப்' இன்னொன்றின் 'ரெகுலர்' ஆக இருக்கலாம். அரை அங்குலம் நீட்டினாலே தலை கனப்பது கையில் தெரியும். வேகம் சற்றுக் கூடினாலும், பந்து நடுவில் படுவது குறைந்தால் பயனில்லை. விதிப்படி நீளம் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தொழில்முறைப் போட்டிகள் 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ள 2022 முதல் இடமுண்டு.

நம்பிக்கை: கொடைக்கானலில் பந்து நீளப் போனால் புது ஷாஃப்ட் கைகொடுத்தது என்று பொருள்.

உண்மை: சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கும் விசையும் குறைகிறது. ஆகவே பழைய ஷாஃப்ட்டையும் புதியதையும் ஒரே மைதானத்தில், ஒரே நாளில் அடித்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தலை, ஷாஃப்ட், கிரிப் (கைப்பிடி) மூன்றும் சேர்ந்ததே மட்டை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டின் கணக்கும் மாறும். முதலில் உங்கள் வீச்சின் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். மாற்றியே தீரவேண்டும் என்றால் தெரிந்த கைவினைஞரிடம் கொடுங்கள்.