பஞ்சகவ்யம்: கள்ளுக்குப் பதில் எந்த ஈஸ்ட்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சின்ன வெங்காயத்துக்கும் நிலக்கடலைக்கும் பஞ்சகவ்யம் தயாரிக்கும் விவசாயிகள் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. "2 லிட்டர் கள் சேர்க்கச் சொல்கிறீர்கள், கள்ளுக்கு எங்கே போவது?" என்பதுதான் அது. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டு முதல் கள் இறக்கத் தடை உள்ளது. ஏரிக்கரையில் பனை வரிசையாக நின்றும் இதற்குப் பயனில்லை.

கள் இங்கே என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கள்ளில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் கோடிக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. அது கரைசலில் உள்ள வெல்லத்தையும் பழச் சர்க்கரையையும் தின்று பெருகி, நொதித்தலை விரைவுபடுத்துகிறது. கள்ளில் புளிப்புப் பாக்டீரியாக்களும் உண்டு என்றாலும், அவற்றைத் தயிரே கொடுத்துவிடும். ஆகவே நமக்குத் தேவைப்படுவது உயிருள்ள ஈஸ்ட் மட்டுமே.

பதநீர் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். பதநீருக்காகக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே ஈஸ்ட் பெருகாமல் தடுக்கத்தான். அதில் சர்க்கரை கிடைக்கும், ஈஸ்ட் கிடைக்காது. கறுப்புத் திராட்சைச் சாறு சேர்ப்பதும் வழக்கத்தில் உள்ளது. பழத்தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் ஒட்டியிருக்கும். ஆனால் கடைக்கு வருமுன் எத்தனை மருந்து அடித்தார்களோ, எத்தனை முறை கழுவினார்களோ! அதை மட்டும் நம்பியிருக்க நான் சொல்லமாட்டேன்.

ரொட்டி சுடப் பயன்படும் பேக்கரி ஈஸ்ட்டே நம்பகமானது. கள்ளில் முக்கியமாக வேலை செய்யும் ஈஸ்ட்டும் இதுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பீர் காய்ச்சும் ஈஸ்ட் கிடைத்தால் வீரியம் கூடுமா என்று ஓர் இளைஞர் கேட்டார். அந்த ரகங்களை மணத்துக்காகவும் சாராயச் சத்தைத் தாங்கும் திறனுக்காகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். சில ரகங்கள் குளிரில்தான் நன்றாக வேலை செய்யும். சாணக் கரைசலுக்கு அந்தச் செலவு வீண்.

பேக்கரி ஈஸ்ட் மூன்று விதமாகக் கிடைக்கிறது. குருணை போன்ற உலர் ஈஸ்ட் 100 கிராம் போதும். 'இன்ஸ்டன்ட்' எனப்படும் நுண்தூள் என்றால் 75 கிராம். ஈரமான கட்டி ஈஸ்ட் என்றால் 250 கிராம் வேண்டும். கட்டி ஈஸ்ட் குளிர்ப்பெட்டியில் இருந்தால்தான் பிழைக்கும். பேருந்தில் வெயிலோடு கொண்டுவந்தால் வழியிலேயே கெட்டுப்போகும். சத்து மாத்திரையாக விற்கும் ஈஸ்ட் செத்த ஈஸ்ட். அதில் புரதம் உண்டு, உயிர் இல்லை.

ஆலத்தூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயி 'ரொட்டிக்குப் போடும் தூள்' என்று கேட்டுச் சமையல் சோடாவை வாங்கிவந்து கலந்துவிட்டார். தயிரின் புளிப்போடு சேர்ந்ததும் அது பொங்கி நுரைத்தது. அவருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் நுரை அடங்கியது, அதன்பின் அசைவே இல்லை. ஒரு கிலோ பசு நெய்யின் விலையை எண்ணிப் பாருங்கள். எனவே வாங்கும்போது 'ஈஸ்ட்' என்று பெயர் சொல்லிக் கேட்டு, காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள்.

வாங்கியதும் சோதித்துவிடுவது நல்லது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி வெல்லத்தூளும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் கலந்து வையுங்கள். 10 முதல் 15 நிமிடத்தில் நுரை கட்டி எழுந்தால் உயிருள்ளது. எழாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

பசுஞ்சாணம் 7 கிலோவும் நெய் 1 கிலோவும் பிசைந்து 3 நாள் வைத்து, பின்பு கோமியம் 10 லிட்டரும் தண்ணீர் 10 லிட்டரும் சேர்த்து 15 நாள் கலக்கிவந்த பிறகே ஈஸ்ட்டின் முறை வருகிறது. அன்று 2 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து ஈஸ்ட்டைத் தூவி, 30 நிமிடம் வையுங்கள். நீரில் கை வைத்தால் சுடக்கூடாது; கொதிநீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். குளோரின் கலந்த குழாய் நீரானால், முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்த நீரைப் பயன்படுத்துங்கள். இந்தக் கரைசலைப் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, பூவன் பழம் 12 ஆகியவற்றோடு பானையில் சேர்த்துவிடலாம்.

ஈஸ்ட் சேர்ந்தபின் கரியமில வாயு நிறைய வெளியேறும். ஆகவே பாத்திரத்தை இறுக மூடாதீர்கள். பிளாஸ்டிக் கேன் உப்பி வெடித்ததும் உண்டு. வாயகன்ற மண்பானையிலோ தொட்டியிலோ நிழலில் வைத்து, வாயில் துணி கட்டி, காலை மாலை இருவேளையும் கலக்கிவர வேண்டும்.

தெளிக்கும்போது 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி கலந்தால் போதும். மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். பஞ்சகவ்யம் தெளிக்கிறோமே என்று வெங்காயத்துக்கு இட வேண்டிய தொழுவுரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.