சிரிப்பு வாயு: முள் சொல்லாத கணக்கு

வெள்ளிமலையிலிருந்து பல்வலியோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறவருக்கு ஊசி பயம் ஒன்று, சிலிண்டர் பயம் இன்னொன்று. 'கேஸ் கொடுத்துப் பல்லைப் பிடுங்குவார்கள்' என்றால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதைகளில் பாதி தப்பு. அதைவிடக் கவலை, சிகிச்சை அறைக்குள்ளேயே உலவும் சில தப்பான நம்பிக்கைகள்.

முகர்ந்தால் விடாமல் சிரிப்போம், பிறகு நினைவே போய்விடும்

பல் சிகிச்சையில் சிரிப்பு வாயுவை, அதாவது நைட்ரஸ் ஆக்சைடைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஆக்சிஜனோடு கலந்து மூக்கு மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு 30 முதல் 50 சதவீதம் போதும். கை கால் லேசாகும், பயம் தணியும், ஆனால் டாக்டர் கேட்டால் பதில் சொல்லலாம். மரத்துப்போகும் ஊசியும் வழக்கம்போல உண்டு. முதலில் வெறும் ஆக்சிஜன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைக் கூட்டுவதுதான் முறை. எடுத்த எடுப்பில் 50 சதவீதம் திருப்பினால் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம்.

இதுவும் போதைதானே?

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மாவட்டம் இது. இங்கே இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. பலூனில் நிரப்பி, ஆக்சிஜன் இல்லாமல், திரும்பத் திரும்ப இழுப்பவர்களுக்கு இது கேடுதான். உடலிலுள்ள பி12 வைட்டமினை இந்த வாயு செயலிழக்க வைக்கிறது, அதனால் தண்டுவட நரம்பு கெட்டு நடையே தள்ளாடலாம். ஒரு பல்லுக்காகச் சில நிமிடம் அளவோடு பெறுவது வேறு விஷயம். ஆனால் ஏற்கெனவே பி12 குறைபாடு உள்ளவர்களும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களும், அண்மையில் காதிலோ விழித்திரையிலோ அறுவை செய்துகொண்டவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மீட்டர் முள் மேலே நிற்கிறது, சிலிண்டர் நிறைய இருக்கிறது

ஆக்சிஜன் சிலிண்டருக்கு இது சரி. நைட்ரஸ் ஆக்சைடுக்கு முழுத் தப்பு. சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கிறது. மேலே வாயு குறையக் குறையத் திரவம் ஆவியாகி அழுத்தத்தை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். 20 டிகிரியில் முள் சுமார் 50 பாரில் அசையாமல் நிற்கும், திரவம் தீர்ந்த பிறகுதான் மளமளவென்று விழும். முள் இறங்கத் தொடங்கும்போது சரக்கு அநேகமாக முடிந்திருக்கும்.

நம் ஊர் வெயில் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. 36.5 டிகிரிக்கு மேல் இந்த வாயு திரவமாக இருக்க முடியாது. மே மாதம் தகரக் கொட்டகையில் நிற்கும் சிலிண்டரில் அத்தனையும் வாயுவாகி அழுத்தம் ஏறும், முள் இன்னும் மேலே போய் நிற்கும். அதைப் பார்த்து மகிழ்ந்தால் ஏமாந்தோம். எடை போட்டு, சிலிண்டரில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்துப் பார்ப்பதுதான் நம்பகமான கணக்கு. சிலிண்டரை நிழலில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு வையுங்கள்.

நீலம் பார்த்தால் போதும், மாறாது

இந்தியாவில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் நீலம். ஆக்சிஜனுக்குக் கறுப்பு உடல், வெள்ளைத் தோள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பெயின்ட் உரியும், நிரப்புகிற இடத்தில் மாறும், குழாய் மாறும். 2011-ல் நாகர்கோவில் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு போய்விட்டது. நினைவு திரும்பாமலே அவர் பின்னர் இறந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை குடும்பத்துக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. 2016-ல் சிட்னியின் பேங்க்ஸ்டவுன் மருத்துவமனையில் சுவரிலிருந்த ஆக்சிஜன் வாயிலில் இதே வாயு வந்து பச்சிளங்குழந்தை ஒன்று உயிரிழந்தது. பணக்கார நாடு, புதுக் குழாய், அப்படியும் நடந்தது.

சிறிய சிலிண்டர்களில் இதைத் தடுக்க ஊசித்துளை அமைப்பு உண்டு. ஒன்றின் துளை இன்னொன்றின் ஊசிக்குப் பொருந்தாது. பொருந்தவில்லை என்றால் சிலிண்டர் தப்பு என்று பொருள். ஊசியைப் பிடுங்குவதும் வாஷரை இரண்டாகப் போட்டு முறுக்குவதும் கொலைபாதகம் என்றே சொல்வேன். தினமும் காலையில் இன்னொரு சோதனை: இயந்திரத்தில் இரண்டு வாயுவும் ஓடும்போது ஆக்சிஜனை மட்டும் மூடுங்கள். நைட்ரஸ் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லையா, அன்று அந்த இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

மாஸ்க்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் சுத்தம்

துடைப்பது சுத்திகரிப்பு ஆகாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மாஸ்க் என்றால் குப்பைக்கு. மறுபடி பயன்படுத்துவது என்றால் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, தயாரிப்பாளர் சொன்னபடி ஆட்டோகிளேவ். மாஸ்க்கை ஒட்டிய குழாய்களும் அப்படியே. மூச்சுப் பையில் விரிசல் இருக்கிறதா என்று அதன் வாயை மூடி அழுத்திப் பாருங்கள், ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். கைப்பிடிகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு ஆள் மாறும்போது மாற்றலாம். இயந்திரத்தின் மேல் மருந்தைத் தெளிக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஆக்சிஜன் வால்வு இறுகிப் போனாலும் எண்ணெயோ கிரீஸோ வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

ஏசி ஓடுகிறது, வெளியேற்றும் குழாய் எதற்கு?

ஏசி அறைக் காற்றையே சுற்றி விடுகிறது. நோயாளி மூச்சில் விடும் வாயுவை உறிஞ்சிக் கட்டடத்துக்கு வெளியே தள்ளும் குழாய் தனியாக வேண்டும், நிமிடத்துக்கு 45 லிட்டர் என்பது வழக்கமான அளவு. நோயாளி அரை மணியில் போய்விடுவார், பக்கத்தில் நிற்கும் உதவியாளர் வருஷக்கணக்கில் முகர்கிறார். உறிஞ்சு குழாய் இல்லாத அறைகளில் நெடுநேரம் வேலை செய்த பெண் உதவியாளர்களுக்குக் கருத்தரிப்பது தாமதமானதை 1992-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

மாஸ்க்கை எடுத்ததும் கிளம்பலாம்

கடைசியில் குறைந்தது 5 நிமிடம் வெறும் ஆக்சிஜன் உண்டு. வாயு ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வேகமாகத் திரும்பும்போது ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்யும், அதற்காகத்தான். பஸ் போய்விடும் என்று அவசரப்படாதீர்கள். தலைசுற்றல் முழுக்கத் தெளிந்து, டாக்டர் சரி சொன்ன பிறகே மலைப் பாதையில் வண்டியைத் தொடுங்கள். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் மூக்கு மாஸ்க்கால் பயனில்லை; வெள்ளிமலையில் பஸ் ஏறும் முன்பே போன் போட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.